பக்கத்துக்கு நாற்பது ரூபாய்

கொட்டிவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் அவர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபது தாண்டிவிட்டது. போன மாதம் ஒரு ஸ்பைரல் பைண்டிங் கட்டோடு வந்தார். 412 பக்கம், நாவல். ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குள் சொந்தச் செலவில் கொண்டுவரப் போகிறார்.

“கதை எப்படி இருக்குன்னு கேக்கல தம்பி. எடிட்டிங் ஒழுங்கா பண்ணியிருக்காங்களான்னு மட்டும் பாருப்பா. காசு கொடுத்திருக்கேன்.”

பக்கத்துக்கு 40 ரூபாய். மொத்தம் 16,480. இதில் அட்டை, லே-அவுட், அச்சு எதுவும் சேராது, எடிட்டிங் மட்டும்தான். யாரிடம் கொடுத்தார் என்பது இங்கே தேவையில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, சொன்ன வேலையைச் செய்திருக்கிறார்கள். எனக்குச் சிக்கலாகத் தெரிவதே அதுதான்.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஒற்றுப்பிழை ஏறக்குறைய இல்லை. ‘வாழ்த்துக்கள்’ எல்லாம் ‘வாழ்த்துகள்’ ஆகியிருக்கிறது. ‘ஒரு ஊர்’ எல்லாம் ‘ஓர் ஊர்’ ஆகியிருக்கிறது, ராயபுரத்தில் மூட்டை தூக்குகிறவர் பேசும் இடத்தில்கூட! ஆனால் 37ஆம் பக்கத்தில் செல்வியாக இருந்த தங்கை 212ஆம் பக்கத்தில் செண்பகமாகிவிடுகிறாள். 1965இல், மொழிப்போர் நாட்களில், ஒரு அலுவலகத்து வாசலில் ‘தமிழ்நாடு அரசு’ என்று பலகை தொங்குகிறது. மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14இல். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தங்கைக்கு ஆடி மாதத்தில் கல்யாணம் நடக்கிறது. ஆடியில்! நம் ஊரில் யார் வீட்டில் ஆடியில் பந்தல் போடுவார்கள்? அந்த வாக்கியத்தில் எல்லா ஒற்றும் சரியாக இருக்கிறது.

காசு கொடுத்து அவர் வாங்கியது மெய்ப்புத் திருத்தம். ரசீதில் எழுதியிருப்பது எடிட்டிங். இந்த வித்தியாசத்தைச் சொல்ல நம்மிடம் வார்த்தையே சரியாக நிலைபெறவில்லை. ‘பதிப்பாசிரியர்’ என்றால் நமக்கு உடனே உ.வே.சா. ஞாபகம் வருகிறார்: ஏடு தேடி, பாடபேதம் பார்த்து, குறிப்பு எழுதுகிறவர். ‘ஆசிரியர்’ என்றால் பத்திரிகைக்காரர். ‘தொகுப்பாசிரியர்’ வேறு ஆள். உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் கைப்பிரதியை வைத்துக்கொண்டு, “இந்த அத்தியாயம் எதுக்கு சார்?” என்று கேட்கிறவருக்கு என்ன பெயர்? ‘பிரதி மேம்படுத்துதல்’, ‘செம்மையாக்கம்’ என்றெல்லாம் சிலர் சொல்லிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. கடைசியில் ‘எடிட்டிங்’ என்கிற வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. அது எல்லாவற்றையும் குறிக்கும், எதையும் குறிக்காது. கடையில் விற்க இதைவிட வசதியான சொல் கிடைக்காது.

மெய்ப்புத் திருத்தம் அற்பமான வேலை என்று சொல்ல வரவில்லை. ‘வேலை கொடுத்தான்’ என்றால் உத்தியோகம், ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் இருந்த வேல். ஒரு க் போனால் கதையே போய்விடும். சொற்களைச் சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா என்பதில் தமிழில் பெரிய குழப்பமே இருக்கிறது. மொழி அறக்கட்டளையின் ‘தமிழ் நடைக் கையேடு’ மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் யாரும் இதில் ஒரே சீராக இருக்க முடியாது. போதாததற்கு எழுத்துருச் சிக்கல் வேறு. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போதும், அச்சுக்காக மறுபடி பழைய எழுத்துருவுக்கே திருப்பும்போதும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஆசிரியர் சுத்தமாகக் கொடுத்த பக்கத்தில் கணினி புதிதாகப் பிழை போட்டு வைக்கும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒருவர் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் இதில் ஒரு பகுதியை இன்றைக்கு மென்பொருளே செய்கிறது. நீச்சல்காரனின் ‘நாவி’ சந்திப்பிழையைக் காட்டும், ‘வாணி’ எழுத்துப்பிழையைக் காட்டும். ‘மென்தமிழ்’ இருக்கிறது. இவை எல்லாப் பிழையையும் பிடிக்காது, சில இடத்தில் தப்பாகவும் சொல்லும். இருந்தாலும் நம் பெரியவருக்குக் கிடைத்த திருத்தங்களில் கணிசமானவற்றை அவரே இரண்டு நாள் உட்கார்ந்து செய்திருக்கலாம். தங்கையின் பெயர் மாறியதையும் ஆடிக் கல்யாணத்தையும் எந்த மென்பொருளும் கேட்டிருக்காது. அதைக் கேட்கத்தான் மனிதர் வேண்டும், அந்த மனிதருக்குத்தான் காசு.

இப்போது மறுபக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கத்துக்கு 40 ரூபாய் வாங்குகிறவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, சந்தேகம் வந்த இடத்தில் முன்னே பின்னே புரட்டி, வருஷத்தையும் ஊரையும் சரிபார்த்துப் படித்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து பக்கம் தாண்டாது. நாளைக்கு 600 ரூபாய். சென்னையில் கொத்தனார் கூலி இதைவிட அதிகம். அதையே நாளைக்கு நூறு பக்கம் என்று ஓட்டினால் 4,000 வரும். அந்த வேகத்தில் கண் ஒற்றைத்தான் பார்க்கும், ஆடியைப் பார்க்காது. ஆக, அந்த விலையே அந்த வேலையை நிர்ணயித்துவிடுகிறது. இதில் எடிட்டர் பேரில் எனக்குக் கோபமில்லை, பக்கக் கணக்கின் பேரில்தான்.

யோசித்துப் பார்த்தால் தமிழ்ப் புத்தக உலகமே பக்கக் கணக்கில்தான் ஓடியிருக்கிறது. பொது நூலகத்துறை புத்தகம் வாங்கும்போது பாரத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை போட்டுவந்தது. பாரம் என்றால் பதினாறு பக்கம். நூலக ஆணையை நம்பி 1,200 பிரதி அடித்த காலத்தில், நாற்பது பக்கத்தை வெட்டச் சொல்லும் எடிட்டர் பதிப்பாளருக்குச் செலவும் வைத்து வரவையும் குறைக்கிறவர். அவரை யார் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வார்கள்? சரி, அது பழைய கதை, மின்னூல் வந்து எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தால், அங்கேயும் இதே கதை. அமேசானின் கேடிபி 2016 கடைசியில் தமிழுக்குத் திறந்தது. கிண்டில் அன்லிமிடெட்டில் எழுத்தாளருக்குப் பணம் 2015 ஜூலையிலிருந்தே வாசகர் படித்த பக்கத்தின் எண்ணிக்கைப்படி. தடிமனான நாவலை வாசகர் கடைசிவரை புரட்டிவிட்டால் லாபம். அங்கேயும் பக்கம், இங்கேயும் பக்கம், நடுவில் இருக்கிற எடிட்டருக்கும் பக்கத்துக்கு இவ்வளவு. குறைக்கச் சொல்வதில் இந்தச் சங்கிலியில் ஒருத்தருக்கும் ஆதாயமில்லை, வாசகரைத் தவிர.

சொந்தச் செலவில் புத்தகம் போடுவதை மட்டம் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் மொழியின் பெரிய புத்தகங்களில் சில அப்படி வந்தவை. உ.வே.சா. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது கும்பகோணம் கல்லூரிச் சம்பளக்காரராக இருந்துகொண்டு, கையொப்பம் சேர்த்து, பணத்துக்கு அலைந்து. வெளியே பார்த்தால், புரூஸ்ட் தன் பெருநாவலின் முதல் பாகத்தை 1913இல் சொந்தப் பணம் கொடுத்துத்தான் அச்சிட்டார். நகுலன் தன் புத்தகங்கள் பலவற்றுக்குத் தானே செலவழித்தார். பதிப்பாளர் கிடைக்காதது புத்தகத்தின் குறை ஆகாது.

ஆனால் நம் விஷயத்துக்குச் சரியான உதாரணம் சி.சு. செல்லப்பா. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை 119 இதழ் நடத்தியவர். தமிழில் விமர்சனம் என்கிற காரியத்துக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். எழுத்து பிரசுரம் என்று தானே புத்தகம் போட்டு, மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றவர். சொந்தப் பதிப்பு எழுத்தாளர் என்று ஒரு சங்கம் இருந்தால் அவர்தான் தலைவர்.

அவருடைய ‘வாடிவாசல்’ வந்தது 1959இல். நூறு பக்கத்தை ஒட்டிய சின்னப் புத்தகம். ஒரு நாள், ஒரு ஜல்லிக்கட்டு, ஒரு காளை. வேண்டாத வரி ஒன்று காட்டுங்கள் என்றால் தேட வேண்டியிருக்கும். ‘சுதந்திர தாகம்’ வந்தது 1997இல், எண்பத்தைந்தை நெருங்கிய வயதில். மூன்று பெரிய பாகங்கள், அதுவும் சொந்தப் பதிப்பு. அடுத்த வருஷம் டிசம்பரில் அவர் இறந்துபோனார். 2001இல் அந்த நாவலுக்குத்தான் சாகித்திய அகாதமி விருது வந்தது, வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். சுதந்திர தாகத்தில் இருக்கிற அனுபவம் சாதாரணமானதில்லை, போராட்டத்தில் சிறைக்குப் போனவர் எழுதியது. ஆனால் பேச்சு முடிய மாட்டேன் என்கிறது. ஒரு கூட்டத்தில் பேசினதை இன்னொரு வீட்டில் திரும்பப் பேசுகிறார்கள். நேரில் கண்டதை விட்டுவிடக் கூடாது என்கிற பதற்றம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. மற்றவர் கதையில் ஒரு தளர்ந்த வாக்கியத்தைப் பார்த்தால் கட்டுரை எழுதுகிற மனுஷன், தன் பிரதியில் அதை விட்டுவைத்திருக்கிறார். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்து, “சார், இதை நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். செல்லப்பாவிடம் அப்படிச் சொல்ல யாருக்குத் தைரியம் வந்திருக்கும், சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரா, அது வேறு கேள்வி. எனக்குத் தோன்றுவது, அந்த மூன்று பாகத்துக்குள் ஒரே பாகமாக ஒரு மகத்தான நாவல் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க ஒருவரும் வரவில்லை. விருது வந்தும் பெரும்பாலான வாசகர் அதைத் தொடவே இல்லை. வாடிவாசலோ பதிப்புக்கு மேல் பதிப்பு காண்கிறது.

சரி, அந்த ஆள் தமிழில் எங்கேயும் இருந்ததே இல்லையா என்றால், இருந்தார். எங்கள் பின்கோடிலேயே இருந்தார். 1974இல் க்ரியாவைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன். க்ரியா அலுவலகம் பிற்காலத்தில் திருவான்மியூரில் இருந்தது, அதே 600 041. பூமணியின் ‘வெக்கை’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, ந. முத்துசாமியின் ‘நீர்மை’, பிரெஞ்சிலிருந்து நேரடியாக ‘அந்நியன்’, ‘குட்டி இளவரசன்’ என்று அங்கிருந்து வந்த புத்தகங்களை எடுத்துப் பார்த்தால், ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மணிக்கணக்கில் பேசியிருப்பார்கள் என்பது தெரியும். 1992இல் வந்த தற்காலத் தமிழ் அகராதியைக்கூட நான் அப்படித்தான் பார்க்கிறேன். இந்தச் சொல்லை இன்றைக்கு மக்கள் என்ன பொருளில் எழுதுகிறார்கள் என்று தினம் தினம் கைப்பிரதியில் சந்தேகப்பட்ட ஒருவர் கடைசியில் அகராதியே போட்டுவிட்டார். 2008இல் இரண்டாம் பதிப்பு, 2020இல் மூன்றாவது. அந்த வருஷம் நவம்பரில் கோவிட் அவரைக் கொண்டுபோய்விட்டது.

க்ரியாவைக் கும்பிட்டு ஒதுங்கிவிடவும் நான் தயாரில்லை. அவ்வளவு பொறுமைக்கு ஒரு விலை இருந்தது. புத்தகங்கள் குறைவு, வருவதற்கு ஆகும் காலம் அதிகம். ஒரே ஆளின் காது வழியாகப் போய் வந்ததால் சில மொழிபெயர்ப்புகளில் இஸ்திரி போட்ட மாதிரி ஒரு மடிப்பு தெரிகிறது என்பது என் குறை. எடிட்டர் கை ஓங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் கார்வர் உதாரணம். 1981இல் வந்த அவருடைய தொகுப்பை கார்டன் லிஷ் ஏறக்குறைய பாதியாக வெட்டினார். கார்வர் எழுதிய மூலம் 2009இல்தான் ‘பிகினர்ஸ்’ என்று வெளியானது. இரண்டில் எது கார்வர் என்று இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. எடிட்டர் என்றால் வரம் என்று யாரும் சொல்ல முடியாது.

க்ரியாவில் முக்கியமான ஒரு விஷயம், அந்த நேரத்தின் செலவு எழுத்தாளர் தலையில் விழவில்லை. பதிப்பாளர் தாங்கினார். அதனால்தான் அவரால் “வேண்டாம்” என்று சொல்ல முடிந்தது. காசு வாங்கிக்கொண்டு எடிட் செய்கிறவர் நிலைமை வேறு. எதிரே இருப்பவர் எழுத்தாளர் மட்டுமல்ல, வாடிக்கையாளர். வாடிக்கையாளரிடம் போய், “உங்க மூன்றாம் பகுதி தேறாது” என்று சொன்னால் அடுத்த வேலை வருமா? அவரும் நாலு பேரிடம் நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே. அதனால் பாராட்டி ஒரு மின்னஞ்சல், ஒற்று திருத்திய கோப்பு, ரசீது. எல்லோருக்கும் திருப்தி. சொந்தப் பதிப்பில் காசு கொடுத்துச் செய்யும் எடிட்டிங்கின் அடிப்படைக் கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன். கெட்ட செய்தி சொல்லத்தான் காசு, ஆனால் காசு கொடுப்பவருக்குக் கெட்ட செய்தி சொல்ல வாய் வராது.

இதற்கு வழியே இல்லையா? காசில்லாமல் ஒரு வழி உண்டு, ஆனால் எல்லோருக்கும் வாய்க்காது. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை வெண்முரசை 26 நாவலாக இணையத்தில் தினமும் எழுதியபோது வாசகர்களே பிழை பார்த்துக் கொடுத்தார்கள். பெயர் பெற்றவருக்கு அது நடக்கும். முதல் புத்தகம் போடுகிற ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு யார் செய்வார்கள்? அவர் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். அப்படியானால் வேலையைப் பிரித்துக் கேட்கலாம். முதலில் முழுப் பிரதியையும் படித்துவிட்டு ஐந்து பக்கம் கருத்து எழுதித் தருவதற்கு மட்டும் ஒரு தொகை. அதில் திருத்தம் எதுவும் வேண்டாம், எங்கே தூக்கம் வந்தது, எங்கே நம்பிக்கை வரவில்லை என்று சொன்னால் போதும். அதைப் பக்கக் கணக்கில் பேசக் கூடாது, நாள் கணக்கில் பேச வேண்டும். அந்த ஐந்து பக்கத்தில் ஒரு குறைகூட இல்லையென்றால் ஆளை மாற்றிவிடலாம். ஒற்றெல்லாம் கடைசியில்தான், பிரதி இறுகிய பிறகு. நம் ஆட்கள் செய்வது தலைகீழாக இருக்கிறது. தூக்கி எறிய வேண்டிய நாற்பது பக்கத்துக்கும் முதலிலேயே க், ச், த், ப் போடக் காசு கொடுத்துவிடுகிறார்கள். போன காசை நினைத்தே பிறகு அந்தப் பக்கங்களை எடுக்க மனசு வராது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். தங்கையின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். “ஐயையோ, செண்பகம்தான் நிஜப் பேரு. எழுதும்போது மாத்தினேன். நடுவுல மறந்துட்டேன் போல.” பலகை விஷயத்தைக் குறித்துக்கொண்டார். ஆடிக் கல்யாணத்தைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

“அது தப்பில்லப்பா. ஆடியிலதான் நடந்துச்சு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். மாப்பிள்ளை ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் போவதாக இருந்தாராம். டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆவணி வரைக்கும் காத்திருக்க முடியாது, விட்டால் இந்தச் சம்பந்தம் போய்விடும். அப்பா ஒரே பிடியாக நின்று கல்யாணத்தை முடித்தார். ஆயா கல்யாணத்துக்கு வரவில்லை, வாசலில்கூட வந்து நிற்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும், தங்கைக்குக் குழந்தை தங்காதது, அப்பாவுக்குக் கை முறிந்தது, எல்லாவற்றுக்கும் ஆயா ஒரே வார்த்தைதான் சொல்வாளாம். அப்பா சாகும்வரை பதில் பேசியதில்லை.

412 பக்கத்தில் இதற்கு ஒரு வாக்கியம். ஆடி மாதம் செல்விக்குக் கல்யாணம் நடந்தது, அவ்வளவுதான். துறைமுகத்தின் கிரேன்களைப் பற்றி மட்டும் இருபத்தெட்டுப் பக்கம்.

“சார், இதை ஏன் எழுதல?”

“இதெல்லாம் எழுதணுமா? வீட்டு விஷயம்.” கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். “அவங்க யாரும் இதைக் கேக்கவே இல்லியே தம்பி. கேட்டிருந்தா எழுதியிருப்பேனோ என்னவோ.”

கிளம்பும்போது கட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாசல் வரை வந்தவர், அட்டை டிசைன் முடிந்துவிட்டது என்றார். 412 பக்கத்துக்குக் கணக்குப் போட்டு முதுகு அகலம் வைத்திருக்கிறார்களாம். பக்கம் மாறினால் அதற்குத் தனியாகக் காசு கேட்பார்களா என்று என்னிடம் கேட்டார். கேட்பார்கள் என்றுதான் சொன்னேன்.